பாவத்தில் பங்கு

ஒன்பதே நாளில் 'ப்ரேக்கிங் பேட்' முழுவதையும் பார்த்து முடித்துவிட்டு ஒரு நண்பர் வந்தார். ஐந்து சீசன், 62 எபிசோட். கண்கள் சிவந்திருந்தன. 'எப்படி?' என்று கேட்டேன்.

'பிரமாதம் சார். இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனா, அந்தப் பொண்டாட்டி கேரக்டரைத்தான் தாங்க முடியலை. எப்பப் பார்த்தாலும் எங்கே போனே, ஏன் லேட்டுனு நச்சரிச்சுக்கிட்டே இருக்கா. மனுஷனை நிம்மதியாத் தொழில் பண்ண விடறாளா?'

நண்பர் குறிப்பிட்ட 'தொழில்', மெத்தாம்ஃபிடமைன் என்கிற போதைப்பொருளைக் காய்ச்சி விற்பது. காய்ச்சுகிறவர் வால்டர் ஒயிட். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கி என்ற ஊரில் பள்ளிக்கூடக் கெமிஸ்ட்ரி வாத்தியார். இந்தத் தொழிலின் போக்கில் அவர் தன் பழைய மாணவனின் காதலி மூச்சுத் திணறிச் சாவதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார். ஒரு சின்னப் பையனை விஷத்தால் சாகக் கிடக்க வைக்கிறார். வாய் திறந்துவிடக்கூடிய ஆட்களைச் சிறைக்குள்ளேயே இரண்டு நிமிஷத்தில் தீர்த்துக்கட்ட ஏற்பாடு செய்கிறார். இதையெல்லாம் நண்பர் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது, 'எங்கே போயிருந்தாய்?' என்று ஒரு மனைவி கேட்ட கேள்வி.

நண்பர் நல்லவர். வருமான வரியை ஒழுங்காகக் கட்டுகிறவர். ராத்திரி பதினோரு மணிக்கு ஆளில்லாத சந்திப்பில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்பார். அவருக்கு என்ன ஆயிற்று? யோசித்துப் பார்த்ததில், கோளாறு பாதி நண்பரிடம், பாதி இந்த மாதிரி சீரியல்களின் அமைப்பிலேயே என்று தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம். 'ப்ரேக்கிங் பேட்', 'தி சொப்ரானோஸ்' இரண்டையும் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள், முடிவு தெரிந்தால் கோபம் வரும் என்றால், இப்போதே பக்கத்தைப் புரட்டி ஜோக்குக்குப் போய்விடலாம். வருத்தப்பட மாட்டேன்.

முதலில் நம் பாட்டிமார்கள் சொன்ன கதை ஒன்று. வால்மீகி, ரிஷி ஆவதற்கு முன்னால் காட்டில் வழிப்பறி செய்துகொண்டிருந்தாராம். ஒரு நாள் நாரதரை மடக்கினார். நாரதர் பதறாமல், 'இதெல்லாம் யாருக்காகப்பா?' என்று கேட்டார். 'குடும்பத்துக்காக.' 'சரி, கொண்டுபோவதில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. பாவத்தில் பங்கு எடுத்துக்கொள்வார்களா, கேட்டுவிட்டு வா. நான் ஓடமாட்டேன், வேண்டுமானால் மரத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் போ.' இவர் வீட்டுக்குப் போய்க் கேட்க, 'எங்களைக் காப்பாற்றுவது உன் கடமை. எப்படிச் சம்பாதிக்கிறாய் என்பது உன் பாடு. பாவத்தில் பங்கெல்லாம் கிடையாது' என்று மனைவி கையை விரித்துவிட்டாள். அதிர்ச்சியில் திருடர் திருந்தி, புற்றுக்குள் உட்கார்ந்து தவம் செய்து, வால்மீகி ஆனார்.

சின்ன வயசில் கேட்டபோது எனக்கு அந்தப் பெண் மேல்தான் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் வேறு ஒன்று உறுத்துகிறது. கணவன் புற்றுக்குள் போய்விட்டான், சரி. அதுவரைக்கும் அந்த வீட்டு அடுப்பில் தினம் பொங்கிய அரிசி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாதா? பாவத்தில் பங்கு வேண்டாம் என்றவள், சோற்றில் பங்கு வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதாகக் கதையில் இல்லை. அவளிடம் போய் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அதைக் கேட்டது அமெரிக்க டெலிவிஷன். 1999 ஜனவரியில் எச்.பி.ஓ. சானலில் 'தி சொப்ரானோஸ்' ஆரம்பித்தது. டேவிட் சேஸ் உருவாக்கியது. நியூ ஜெர்ஸியில் பெரிய வீடு, நீச்சல் குளம், மனைவி, பெண், பையன் என்று வாழும் டோனி சொப்ரானோ, மாஃபியா தலைவன். திடீர் திடீரென்று மயங்கி விழுவதால் ஒரு பெண் சைக்கியாட்ரிஸ்டிடம் போய்த் தன் அம்மாவைப் பற்றிப் புலம்புகிறான். ஜேம்ஸ் கேண்டால்ஃபினி நடித்தார். கனத்த உடம்பு, தூங்கி எழுந்தது போல ஒரு முகம், அதில் திடீரென்று ஒரு குழந்தைச் சிரிப்பு. 2013-ல் ரோம் நகரில் 51 வயதில் இறந்துபோனார்.

எச்.பி.ஓ.வின் வியாபாரம் கொஞ்சம் வித்தியாசமானது. அங்கே விளம்பரம் கிடையாது, மாதச் சந்தாதான் வருமானம். விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளுக்குப் பார்வையாளர்கள் சங்கடப்படுவது பிடிக்காது. கொலையைப் பார்த்து முகம் சுளித்தவரிடம் அடுத்த நிமிஷமே சோப்பு விற்க முடியாதே! சந்தா கட்டுகிறவரைச் சங்கடப்படுத்தலாம், அடுத்த மாதமும் கட்டினால் சரி. கெட்டவனை நடுவில் வைத்து வருஷக்கணக்கில் கதை சொல்ல இந்த ஏற்பாடு இடம் கொடுத்தது.

அப்படியும் சானல் ஒரு முறை பயந்தது. முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில் டோனி தன் பெண்ணைக் காரில் கூட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அட்மிஷனுக்குச் சுற்றுகிறான். நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்த பெண்ணின் அப்பா செய்வதைத்தான் அவனும் செய்கிறான். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில், போலீஸுக்கு அப்ரூவராகிப் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழும் பழைய கூட்டாளி கண்ணில் படுகிறான். பெண்ணுக்குச் சாக்குப்போக்குச் சொல்லிவிட்டு, டோனி அவனைத் தேடிப் போய்த் தன் கையாலேயே கழுத்தை நெரிக்கிறான். 'நம் ஹீரோ இப்படிச் செய்தால் ஜனங்கள் கைவிட்டுவிடுவார்கள்' என்றது சானல் நிர்வாகம். 'செய்யாவிட்டால்தான் நம்ப மாட்டார்கள்' என்று சேஸ் பிடிவாதம் பிடித்தார். சேஸ் சொன்னதுதான் சரி. ஜனங்கள் கைவிடவில்லை, இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். இதில் யாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கொலையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால், அதே எபிசோடில் வீட்டில் நடப்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். மனைவி கார்மெலாவுக்குக் காய்ச்சல். பாதிரியார் பார்க்க வருகிறார். இரவு, மழை. அவரிடம் அழுதுகொண்டே பாவமன்னிப்புக் கேட்கிறாள். கணவன் என்ன செய்கிறான் என்பது தனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு நல்ல வாழ்க்கை வேண்டும் என்று தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். அப்பா மெய்ன் மாநிலத்தில் கழுத்தை நெரிக்க, அம்மா வரவேற்பறையில் மன்னிப்பு வாங்குகிறாள். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

மூன்றாவது சீசனில், 2001-ல், நாரதரே வந்துவிடுகிறார். டாக்டர் க்ராகவர் என்ற வயதான சைக்கியாட்ரிஸ்ட். மொத்த சீரியலிலும் ஒரே ஒரு காட்சிதான் அவருக்கு. கார்மெலா வழக்கம்போலச் சுற்றி வளைத்து, கணவன் நல்லவன், ஆனால் கொஞ்சம்... என்று இழுக்கிறாள். அவர் இழுக்க விடவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டுப் போ என்கிறார். கிளம்பும்போது ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறாள். ரத்தம் தோய்ந்த பணத்தை நான் தொட மாட்டேன், நீயும் தொடக்கூடாது என்கிறார். இனிமேல் 'எனக்கு யாரும் சொல்லவில்லை' என்று மட்டும் நீ சொல்ல முடியாது என்று முடித்துவிடுகிறார்.

டெலிவிஷனில் நான் பார்த்த மிகக் கடுமையான காட்சி இது. யாரும் குரலை உயர்த்தவில்லை, துப்பாக்கி இல்லை, பின்னணி இசை இல்லை. ஒரு கிழவர் ஃபீஸ் வாங்க மறுக்கிறார், அவ்வளவுதான்.

கார்மெலா என்ன செய்தாள்? வீட்டுக்குப் போய் சோபாவில் படுத்துக்கொண்டாள். பிறகு கணவனிடம், பெண் படிக்கும் கொலம்பியா யுனிவர்சிட்டிக்கு 50,000 டாலர் நன்கொடை கொடுத்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக் கொடுத்தாள். கெட்ட பணம் நல்ல காரியத்துக்குப் போனால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிற மனசு. உண்டியல் நிரம்புகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே சீசனில் இன்னொரு பாதிரியார், கணவனின் சம்பாத்தியத்தில் நியாயமான பகுதியை மட்டும் வைத்து வாழப் பழகிக்கொள் என்று யோசனை சொல்கிறார். நியாயமான பகுதி எது என்று பிரித்துத் தர மாஃபியாவில் ஆடிட்டர் ஏது?

அவள் டோனியை வெளியே துரத்துவதும் உண்டு, 2002-ல். காரணம் கொலை இல்லை, வேறு பெண்கள். 2004-ல் அவனைத் திரும்ப வீட்டுக்குள் சேர்க்கிறாள். அதற்கு ஒரு விலை இருக்கிறது: மனை வாங்கி வீடு கட்டி விற்க 6,00,000 டாலர். அதே எபிசோடில், அட்ரியானா என்ற இளம் பெண்ணை, கார்மெலா குடும்பத்தில் ஒருத்தியாக நினைத்த பெண்ணை, போலீஸுக்குத் தகவல் கொடுத்தாள் என்பதற்காகக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடுகிறார்கள். அவள் காய்ந்த சருகுகளின் மேல் தவழ்ந்து ஓடப் பார்க்கிறாள். பிறகு கடைசிக் காட்சி. மறுபடி மரங்கள், சருகுகள். ஒரு கணம் நமக்குத் திக்கென்கிறது. அட்ரியானாவின் காடு இல்லை. கார்மெலா வாங்கப்போகும் மனை. புருஷனும் பெண்டாட்டியும் வீடு எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வசனமே தேவைப்படவில்லை.

இன்னும் இருக்கிறது. 2006-ல் கார்மெலாவுக்கு அட்ரியானா என்ன ஆனாள் என்ற சந்தேகம் அரிக்கிறது. துப்பறிகிறவரை வைத்துத் தேடலாமா என்று நினைக்கிறாள். அந்தச் சமயம் அவள் கட்டும் வீட்டின் வேலையை அதிகாரிகள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டோனி பேச வேண்டியவர்களிடம் பேசி அனுமதி வாங்கித் தருகிறான். கார்மெலா கட்டட வேலையில் மும்முரமாகிவிடுகிறாள். துப்பறிகிறவர் மறந்துபோகிறார். ஒரு மனுஷியின் மனசாட்சியை வாங்க, கட்டட அனுமதி போதும். இதைச் சொல்ல வில்லன் சிரிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஈடி ஃபால்கோ இந்தப் பாத்திரத்துக்காக மூன்று முறை எம்மி விருது வாங்கினார். முப்பது கொடுத்திருக்கலாம்.

இப்போது நண்பர் வெறுத்த ஸ்கைலருக்கு வருவோம். 'ப்ரேக்கிங் பேட்' ஏ.எம்.சி. சானலில் 2008-ல் ஆரம்பித்து 2013-ல் முடிந்தது. உருவாக்கியவர் வின்ஸ் கில்லிகன். வால்டருக்கு ஐம்பது வயசு, நுரையீரலில் கேன்சர், மாற்றுத்திறனாளிப் பையன், கர்ப்பிணி மனைவி, மாலையில் கார் கழுவும் கடையில் பார்ட் டைம் வேலை. சாவதற்குள் குடும்பத்துக்கு ஏதாவது சேர்த்து வைக்க வேண்டும் என்கிறார். நம்பிவிடுகிறோம். ஆனால், முதல் சீசனிலேயே அவருடைய பழைய நண்பர் ஒருவர், கோடீஸ்வரர், வைத்தியச் செலவு முழுவதையும் ஏற்கிறேன் என்கிறார். வால்டர் மறுத்துவிட்டு மறுபடி காய்ச்சப் போகிறார். குடும்பத்துக்காக என்ற சாக்கு ஐந்தாவது எபிசோடிலேயே செத்துவிட்டது. அதற்குப் பிறகும் 57 எபிசோட் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நாம்தான்.

ஏன் அலைந்தோம்? வால்டருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். எங்கே பணம், எங்கே பிணம், எல்லாம். ஸ்கைலருக்கு எதுவும் தெரியாது. ஆகவே, அவள் கேள்வி கேட்கும்போது மாட்டிக்கொள்வது வால்டர் மட்டும் இல்லை, நாமும்தான். திருடனோடு சேர்ந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிறவனுக்கு, டார்ச் அடிக்கிறவர் மேல்தான் கோபம் வரும்.

இந்தக் கோபம் எவ்வளவு தூரம் போனது என்பதற்குச் சாட்சி, ஸ்கைலராக நடித்த ஆனா கன். 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மேல் இருந்த வெறுப்பு தன் மேலேயே திரும்பி, தன்னைக் கொல்ல வேண்டும் என்று இணையத்தில் எழுதும் அளவுக்குப் போனதைச் சொல்லி, கணவனை எதிர்த்து நிற்கிற பெண் என்றால் ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்டிருந்தார். அடுத்த மாதமே அந்த வேடத்துக்காக எம்மி வாங்கினார். விஷம் வைத்தவரை ரசித்தார்கள், கேள்வி கேட்டவளைக் கொல்லத் தேடினார்கள்.

ஸ்கைலர் அப்பழுக்கில்லாதவள் என்று நான் சொல்ல வரவில்லை. அவளும் பங்கு எடுத்துக்கொண்டவள்தான். வால்டர் வேலை பார்த்த அதே கார் கழுவும் கடையை வாங்கி, கறுப்பை வெள்ளையாக்கிக் கணக்கு எழுதுகிறாள். ஆனால், வித்தியாசம் இருக்கிறது. கார்மெலா கணக்குப் பார்க்க மறுத்தாள், ஸ்கைலர் பார்த்தாள். 2012-ல் வந்த ஒரு காட்சியில் வால்டரை ஒரு வாடகைக் கிடங்குக்கு அழைத்துப் போய் ஷட்டரைத் தூக்குகிறாள். உள்ளே கட்டில் அளவுக்கு அடுக்கிய நோட்டுக் கட்டுகள். எண்ணுவதை நிறுத்திவிட்டேன், எத்தனை பிறவி எடுத்தாலும் செலவழிக்க முடியாது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்கிறாள். வால்டரிடம் பதில் இல்லை. நாரதரின் கேள்வியை இங்கே மனைவியே கேட்டுவிடுகிறாள். பாட்டி கதையை முழுசாகத் திருப்பிப் போட்ட இடம் இது.

கடைசி எபிசோடில் வால்டர் அவளிடம் உண்மையைச் சொல்கிறார்: எல்லாம் எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது. ஐந்து வருஷமாக அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வழியாகப் பதில். அத்தோடு முடித்திருந்தால் கில்லிகனுக்கு ஒரு சலாம் போட்டிருப்பேன். ஆனால், பிள்ளைக்குப் பணம் போய்ச்சேர முன்பே ஏற்பாடு செய்துவிட்ட வால்டர், அதற்குப் பிறகு எதிரிகளைத் தானே செய்த மெஷின்கன் பொறியால் தாக்கி அழிக்கிறார், சிஷ்யனை விடுவிக்கிறார், தனக்குப் பிடித்த சோதனைச்சாலைக் கருவிகளுக்கு நடுவில் நிம்மதியாகச் சாகிறார். ஹீரோவின் சாவு. கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த நம்மையும் கௌரவமாக வெளியே அனுப்பிவிட்டார்கள். இது இந்த சீரியலின் குறை என்பது என் கட்சி. கெட்டவனைக் கண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நல்ல வசனம், நல்ல தொப்பி, நல்ல சாவு எல்லாவற்றையும் அவனுக்கே கொடுத்துவிட்டு, மனைவியை யாரும் நேசிக்கவில்லையே என்று பிறகு வருத்தப்படுவதில் என்ன நியாயம்?

'சொப்ரானோஸ்' அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. 2007 ஜூன் 10. எண்பத்தாறாவது எபிசோட், கடைசிக் காட்சி. நியூ ஜெர்ஸியில் ஒரு சாதாரண ஐஸ்க்ரீம் கடை. டோனி உட்கார்ந்திருக்கிறான். கார்மெலா வருகிறாள். பையன் வருகிறான். பெண் வெளியே காரை நிறுத்தத் திண்டாடிக்கொண்டிருக்கிறாள். மேஜைக்கு ஒரு கூடை வெங்காய வளையங்கள் வருகின்றன, நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்து, கோயிலில் பிரசாதம் போட்டுக்கொள்வது போல முழுசாக வாயில் போட்டுக்கொள்கிறார்கள். கதவு திறக்கிறது. டோனி நிமிர்ந்து பார்க்கிறான். திரை இருட்டு. பத்து வினாடிக்குச் சத்தமே இல்லை. அமெரிக்காவில் பலர் கேபிள் போய்விட்டது என்று டி.வி.யைத் தட்டிப் பார்த்தார்களாம்.

டோனி செத்தானா, இல்லையா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது கதவை இல்லை, கூடையை. ஒரே கூடையிலிருந்து மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டாயிற்று. அந்த இருட்டுத் திரையில் தெரிவது, எதிரே சோபாவில் உட்கார்ந்து இத்தனை வருஷமும் ருசித்துப் பார்த்த நான்காவது ஆளின் முகம்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 'நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சார்' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'இருந்தாலும் அந்தப் பொண்டாட்டி கொஞ்சம் ஓவர்தான்.'

வீட்டில் அவர் மனைவி என்ன சொன்னார் என்று கேட்டேன். 'அவ கூடத்தான் உட்கார்ந்து பார்த்தா. அந்தக் கிடங்கு சீன் வந்தப்ப மட்டும், என் சம்பளம், பிடித்தம் எல்லாம் எவ்வளவுனு கேட்டா. சொன்னேன்.'

'அப்புறம்?'

'அப்புறம் என்ன, ஒண்ணுமில்லை. அடுத்த எபிசோட் போடச் சொன்னா.'